ஆயுத பூஜைக்கு ஐயர் அனுப்பும் ஆப்

ஒரு தொழிலில் ஜெயித்த மனுஷனுக்கு உலகத்தில் உள்ள மற்ற எல்லாத் தொழிலும் சுலபமாகத் தெரியும். இது ஒரு வியாதி. சர்க்கரைக்காவது மாத்திரை இருக்கிறது, இதற்குக் கிடையாது. எனக்கு இந்த வியாதி வந்தது என் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, என்னைத் தவிர.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். (கொஞ்சம்தான். என் மனைவி சரோஜா பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.) மத்தூர் பக்கம் பிறந்தவன். ஏழாவது வரை நான் பள்ளிக்கூடத்தைப் பொறுத்துக்கொண்டேன். எட்டாவதில் பள்ளிக்கூடம் என்னைப் பொறுத்துக்கொள்ளவில்லை. ஓசூர் சிப்காட்டில் ஒரு லேத் பட்டறையில் இரும்புச் சுருள் பெருக்கும் வேலையில் சேர்ந்தேன். இன்று என் சொந்த ஷெட்டில் ஓடும் மெஷின்களைப் பார்க்க பெங்களூரிலிருந்து இன்ஜினியர்கள் வருகிறார்கள். தலைமுடியைப் பத்தாகப் பிளந்தால் வரும் கனத்தை விரலால் தடவியே சொல்லிவிடுவேன். இதில் மிகை எதுவும் இல்லை.

("கொஞ்சம் இருக்கு," என்கிறாள் சரோஜா.)

இப்படிப்பட்ட நான், சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு ஸ்டார்ட்அப் தொடங்கினேன். அப்படி ஒரு வார்த்தையைத் தப்பில்லாமல் உச்சரிக்கக் கற்றுக்கொள்வதற்குள்ளேயே அது மூடப்பட்டுவிட்டது என்பது வேறு விஷயம்.

ஓசூர் ஷெட்காரன் கல்யாண நாளை மறப்பான், ஆயுத பூஜையை மறக்க மாட்டான். அதற்கு முந்தின நாள் மெஷின்களுக்கு எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு போகக் குளியல். பிறகு சந்தனம், குங்குமம், மாவிலை, வாழைக்கன்று. மூட்டை மூட்டையாகப் பொரி. வாசலில் உடைக்க வெள்ளைப் பூசணிக்காய். எல்லாம் தயாராக இருக்கும், ஐயர் மட்டும் வந்திருக்க மாட்டார். ஒரு வருஷம் எங்கள் வழக்கமான ஐயர் வரவே இல்லை. நானும் தொழிலாளர்களும் அந்தப் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அதுவும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் எனக்குள் அது பளிச்சென்று அடித்தது.

போனை அமுக்கினால் பரோட்டா வருகிறது. ஆட்டோ வருகிறது. முடிவெட்ட ஆள் வீட்டுக்கே வருகிறான். ஐயர் ஏன் வரக் கூடாது?

பூமி உருண்டை என்று கண்டுபிடித்தவனுக்குக்கூட அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் வந்திருக்காது. உலகத்தில் ஒருவனுக்கும் தோன்றாத யோசனை ஒன்று, ஏழாவது படித்த எனக்குத் தோன்றிவிட்டது என்று நம்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்தார்கள். மாப்பிள்ளை பிரசன்னாவுக்கு, புதிதாக ஆப் தொடங்குகிறவர்களுக்கு யோசனை சொல்வதுதான் வேலை. (யோசனை சொல்வதற்குச் சம்பளமா என்று பெண் பார்க்க வந்த அன்றே கேட்டு, மகளிடம் திட்டு வாங்கியவன் நான்.) கோழிக் குழம்புக்கும் ரசத்துக்கும் நடுவில் என் கண்டுபிடிப்பை மெதுவாக எடுத்து வைத்தேன். அவர் எழுந்து நின்று கை தட்டுவார் என்று எதிர்பார்த்து, அதற்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். இப்படித் தொடங்கும் எந்தப் பேச்சையும் நான் சரியாக எடுத்துக்கொண்டதில்லை. "இந்த மாதிரி யோசனை நெறைய பேருக்கு வரும். எங்க ஆபீசுக்கு ஒருத்தரு மாத்தி ஒருத்தரு வந்துட்டே இருக்காங்க. பிளம்பர் அனுப்பறேன்னு ஒருத்தரு. துணி வெளுக்க ஆள் அனுப்பறேன்னு ஒருத்தரு. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேந்து எங்க டூர் போறதுன்னு முடிவு பண்றதுக்கே ஒரு ஆப்பு கொண்டாந்தாரு இன்னொருத்தரு. கேக்கும்போது எல்லாமே சூப்பரா இருக்கும். அடுத்த வருஷம் பாத்தா போர்டே இருக்காது."

"அவங்கெல்லாம் படிச்சவங்க, மாப்ள," என்றேன்.

(நான் என் வாழ்நாளில் பேசியதிலேயே சிறந்த பதில் இதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.)

"ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்குங்க மாமா. இவ்ளோ பேரு எறங்கியும் ஏன் யாருமே நிக்கல?"

"நான் சொந்தமா லேத் போட்டப்பவும் இப்படித்தான் சொன்னாங்க. 'ஓசூர்ல தெருவுக்குத் தெரு லேத்து இருக்குது, நீ வேறயா'ன்னாங்க. இன்னிக்கு யாரு நிக்கறாங்க? நான் நிக்கறேன்."

ரசம் ஊற்ற வந்த சரோஜா நடுவில் புகுந்தாள். "ஏங்க, ஆயுத பூஜைக்கு ஐயருக்குத்தான பஞ்சம்? ஆப்புக்கா பஞ்சம்? போன்ல கூப்ட்டா வராத ஐயரு, அமுக்குனா மட்டும் எங்கிருந்து வருவாரு? ஊர்ல இருக்கறது அதே ஐயருங்கதான?"

இவளுக்கு டெக்னாலஜி தெரியாது என்று மாப்பிள்ளையைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். மாப்பிள்ளை தலையை நிமிர்த்தவே இல்லை. ரசத்தில் எதையோ தீவிரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

பாகலூர் ரோட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த முரளியைப் பிடித்தேன். திருநெல்வேலிக்காரர். கம்பெனி வேலைக்கு வந்து, வேலை பிடிக்காமல் சொந்தமாகக் கடை போட்டவர். நான் சொல்லச் சொல்ல அவர் வரைந்தார். ஆப்புக்கு 'பூஜை ரெடி' என்று பெயர் வைத்தேன். ஆப்பைத் திறந்தால் மணி அடிக்கும். எத்தனை மணிக்கு வேண்டும் என்று தொட்டால், ஒரு சின்ன ஸ்கூட்டர் படம் நம்மை நோக்கி நகர்ந்து வரும். ஸ்கூட்டருக்குக் குடுமி வைக்கலாமா என்று கேட்டேன். முடியாது என்று முரளி சொல்லிவிட்டார்.

பிறகு ஐயர்களைச் சேர்த்தேன். தொரப்பள்ளியில் ஒருவர், மத்திகிரியில் ஒருவர், பாகலூரில் ஒருவர் என்று தேடித் தேடிப் பிடித்தேன். தமிழ் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர், கன்னடம் பேசுகிறவர், மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுகிறவர் என்று எல்லா வகையும் வைத்திருந்தேன். ஒவ்வொருவருக்கும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தேன். அதன் இரண்டு பக்கமும் 'பூஜை ரெடி' என்று எழுதியிருக்கும். அரை மைல் தூரத்திலேயே ஐயர் வருகிறார் என்று தெரிய வேண்டும், அதுதான் விளம்பரம் என்று நானே யோசித்துச் செய்தது.

முதலில் எல்லாம் அருமையாகத்தான் போயிற்று. ஒருவர் புது வண்டிக்குப் பூஜை போட்டார். ஒருவர் கடை திறந்தார். ஒரு வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். அமுக்கினார்கள், ஐயர் வந்தார். ஒவ்வொரு தடவை ஸ்கூட்டர் படம் நகரும்போதும் நான் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "நகருது மாப்ள, நகருது," என்பேன். அவரும் பொறுமையாக, "சரிங்க மாமா," என்பார். ஒரு தடவை மட்டும், "ஆயுத பூஜையன்னிக்கு என்ன பண்ணப் போறீங்க மாமா?" என்று கேட்டார்.

"அன்னிக்குத்தான மாப்ள நம்ம திருவிழாவே!"

திருவிழாவுக்கு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி மூன்று பாஷையில் விளம்பரம் விட்டேன். பிட் நோட்டீஸ் அடித்தேன். நோட்டீஸில் எல்லாம் எழுதிய பிறகும் அடியில் ஒரு வரிக்கு இடம் இருந்தது. காலி இடத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். 'குறித்த நேரத்தில் ஐயர் வராவிட்டால் ஓனரே நேரில் வருவார்! இது கியாரண்டி!' என்று போடச் சொன்னேன்.

"அண்ணாச்சி, இது வேண்டாமே," என்றார் முரளி. "நீங்க போயி என்ன செய்வீய?"

"ஓனரே நேர்ல வந்து நின்னா அவங்களுக்கு ஒரு மரியாதைப்பா. ரெண்டு நல்ல வார்த்தை பேசினா கோவம் போயிடும். எனக்குத் தெரியாத மனுசனா?"

பதிவுகள் கொட்டின. பூஜைக்குச் சில நாள் இருக்கும்போது முரளி முகம் வெளுத்து ஷெட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, எல்லாவனும் ஒரே நேரத்தல்லா கேக்கான்! அன்னைக்கு வெள்ளிக்கெழம. காலண்டர்ல நல்ல நேரம் ஒம்பதேகாலுல இருந்து பத்தேகால். பத்தரைக்கு ராகு காலம். அந்த ஒரு மணி நேரத்த விட்டா ஒருத்தனும் வேற நேரம் தொட மாட்டேங்கான். இருக்க ஐயரு கைவெரல்ல எண்ணுத அளவு. என்ன செய்யச் சொல்லுதிய?"

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

எங்கள் தொழிலில் சைக்கிள் டைம் என்று ஒன்று உண்டு. ஒரு பாகத்தை மெஷினில் மாட்டி, கடைந்து, கழற்றி, அடுத்ததை மாட்டும் வரை ஆகும் நேரம். அதைக் குறைக்கத் தெரிந்தவன்தான் ஷெட் நடத்த முடியும். நான் அதில் புலி. எனவே ஐயரையும் அதே போலக் கணக்குப் போட்டேன். ஸ்கூட்டரை நிறுத்த இவ்வளவு, சங்கல்பத்துக்கு இவ்வளவு, தீபாராதனைக்கு இவ்வளவு, பூசணிக்காய்க்கு இவ்வளவு. பூசணிக்காயை முன்கூட்டியே லேசாகக் கீறி வைத்தால் உடைக்கிற நேரம் இன்னும் மிச்சம். பக்கத்துப் பக்கத்து ஷெட்டாகக் கோத்துக் கொடுத்தால் போகிற நேரமும் மிச்சம். ஒரு ஐயருக்கு ஒரு ஷெட்டுக்குப் பத்து நிமிஷம் தாராளம் என்று முடிவுக்கு வந்தேன்.

"எல்லா புக்கிங்கையும் எடுத்துக்க," என்று முரளியிடம் சொன்னேன். "ஒண்ணைக்கூட விடாத."

இப்போது ராமண்ணாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளி தாண்டி, பம்பு செய்யும் கம்பெனி வைத்திருப்பவர். கன்னடக்காரர். என் பெரிய வாடிக்கையாளர். தங்கமான மனுஷர், ஆனால் நல்ல நேரம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். ஒரு புது ஜாப் கொடுப்பதென்றால், அதன் டிராயிங்கை நல்ல நேரத்தில் பூஜை போட்ட மெஷின் மேல் வைத்துத்தான் கொடுப்பார். பூஜை தவறினால் டிராயிங்கைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஷெட்டுக்குப் போய்விடுவார். எனக்கு ராமண்ணா கிடைத்ததே, வேறொருவர் ஷெட்டில் கற்பூரம் நமுத்துப்போய்ப் பற்றாமல் போனதால்தான்.

அந்த ஆயுத பூஜைக்கு அவர் ஒரு புதுப் பம்பின் டிராயிங்கோடு வருவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஜாப்பை நம்பித்தான் நான் பெரிய மெஷின் ஒன்றை வாங்கி இறக்கியிருந்தேன். ஜாப் வந்தால் மெஷின் இரண்டு ஷிப்டும் ஓடும். வராவிட்டால் மேலே துணி போர்த்தி வைத்து, பேங்க் மேனேஜரைக் கண்டால் அடுத்த தெருவில் நடக்க வேண்டியதுதான்.

பூஜை நாள் வந்தது. மெஷின் மணப்பெண் மாதிரி மாலை போட்டு நின்றது. ராமண்ணா பட்டு அங்கவஸ்திரத்தோடு டிராயிங் சுருளைக் கையில் பிடித்தபடி வந்து உட்கார்ந்தார். மகளும் மாப்பிள்ளையும் இருந்தார்கள். எல்லோர் முன்னாலும் நான் போனை எடுத்து, மேடையில் வித்தை காட்டுகிறவன் மாதிரி உயர்த்திப் பிடித்து, என் ஆப்பிலேயே ஐயரை அமுக்கினேன். ஸ்கூட்டர் படம் புறப்பட்டது. வருகிறவர் நம்முடைய நரசிம்ம சாஸ்திரி, மிகத் தெளிவாக மந்திரம் சொல்கிற தெலுங்குக்காரர்.

"பரவாயில்லயே!" என்று ராமண்ணா எட்டிப் பார்த்தார். "நோடி, நோடி, பர்த்தா இதாரே! வந்துட்டே இருக்காரு!"

ஸ்கூட்டர் எங்கள் தெரு முனைக்கு வந்தது. எங்கள் தெருவைத் தாண்டியது. பின் தெருவுக்குள் போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

அதற்குள் நோட்டீஸில் போட்டிருந்த நம்பருக்கு, அதாவது என் நம்பருக்கு, அழைப்புகள் தொடங்கின.

"ஏமண்டி, பந்துலு காரு எப்புடு ஒஸ்தாரு?"

"அண்ணா, ஐயரு எங்க? கற்பூரம் காத்துல கரையுது!"

"ரீ, எல்லி நிம் ஸ்வாமி? கியாரண்டி அந்த்த ஹேளித்ரி!"

விளம்பரம் விட்ட மூன்று பாஷையிலும் கேள்வி ஒன்றுதான்: ஐயர் எங்கே, கியாரண்டி எங்கே?

ராமண்ணா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தப்பு திளிகோபேடி, தப்பா எடுத்துக்காதீங்க. ராகு காலத்துக்கு முந்தி ஆகலன்னா நான் டிராயிங்க எத்துட்டுப் போயிடுவேன்."

"சரோஜா, சாரைப் பாத்துக்க. தோ, இப்ப ஐயரோட வர்றேன்," என்று பைக்கை உதைத்தேன்.

பின் தெருவில் ஒரே கூட்டம். நடுவில் அந்த ஆரஞ்சு ஹெல்மெட் தெரிந்தது. ஸ்கூட்டரின் முன்னாலும் பின்னாலும் பக்கவாட்டிலும் பொரி மூட்டைகள்; மேலே ஒரு வாழைத்தார். அந்த மலைக்கு நடுவில் சாஸ்திரியின் முகம் மட்டும் இருந்தது. ஸ்கூட்டர் சாவி ஒரு ஷெட் முதலாளியின் கையில். சாஸ்திரியின் ஒரு கை இன்னொரு முதலாளியின் கையில்.

நடந்தது இதுதான். ஆப்பில் பதிந்தவர்கள் காத்திருந்தார்கள். பதியாதவர்கள் தெருவில் நின்று, ஆரஞ்சு ஹெல்மெட் எங்கே தெரிகிறதோ அங்கே குறுக்கே விழுந்து பிடித்துக்கொண்டார்கள். அரை மைல் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று வாங்கிய ஹெல்மெட் அல்லவா, நன்றாகவே தெரிந்திருக்கிறது.

என்னைக் கண்டதும் சாஸ்திரி வெடித்தார். "பத்து நிமிஷமா முதலாளி? ஒரு ஷெட்டுல ஓனர் பேரு, சம்சாரம் பேரு, பசங்க பேரு, மருமக பேரு எல்லாம் சங்கல்பத்துல சொல்லணுங்கறாரு. அமெரிக்கா பேரனோட நட்சத்திரம் தெரியலன்னு அங்க வீடியோ கால் போடறாங்க! அங்க ராத்திரி, பையன் தூக்கத்துல ஏந்துக்கல! அப்பறம் ஒவ்வொரு மிஷினுக்கும் தனித்தனியா தீபம் காட்டணும். காபி குடிக்காம விட மாட்டாங்க. பொரி வாங்காம விட மாட்டாங்க. சைக்கிள் டைம் போட்டீங்களாமே? நேனு மனிஷினி சார், மிஷின் காது! மனுஷன் சார், மிஷின் இல்ல!"

நான் போட்ட கணக்கில் அமெரிக்கப் பேரன் இல்லை. காபி இல்லை. முக்கியமாக, பூஜைக்கு வந்த ஐயரை அவசரமாக அனுப்புவது ஓசூரில் மரியாதைக் குறைவு என்கிற விஷயம் இல்லை. அப்படி அனுப்பினால் நானே சண்டைக்குப் போவேன்.

"சாமி, நம்ம ஷெட்டுக்கு மட்டும் ஒரு நிமிஷம் வாங்க," என்று அவருடைய இன்னொரு கையைப் பிடித்தேன்.

அதுதான் நான் செய்த கடைசித் தப்பு. என் குரலை யாரோ அடையாளம் கண்டுகொண்டார்கள்.

"ஏய், ஆப்பு ஓனரே வந்துட்டாருப்பா!"

ஆப்பில் பதிந்து காத்திருந்த, கியர் பட்டறை வைத்திருக்கும் செல்வம் என்பவர், பிட் நோட்டீஸை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "அண்ணா, இதுல இன்னா போட்டுக்கறீங்க? ஐயர் வரலன்னா ஓனரே நேர்ல வருவாருன்னு போட்டுக்கறீங்க இல்ல? வந்துட்டீங்க. வாங்க உள்ள."

"அது ஒரு மரியாதைக்குப் போட்டதுப்பா…"

"நாங்களும் மரியாதையாதான கூப்பிடறோம்?"

அடுத்த கணம் என் தலையில் சாஸ்திரியின் ஆரஞ்சு ஹெல்மெட் இருந்தது, கழுத்தில் மாலை இருந்தது, கையில் கற்பூரத் தட்டு இருந்தது. (ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் வைத்தது சாஸ்திரியேதான் என்று பிற்பாடு தெரிந்தது. அந்தச் சந்தில் அவர் வாழைத்தாரோடு தப்பித்துவிட்டார்.)

எனக்கு மந்திரம் தெரியாது. 'சுக்லாம்பரதரம்' என்று தொடங்கி அடுத்த வார்த்தை வராமல் நின்றேன். வரிசையாகத் தொழிலாளர்கள் கண்ணை மூடிக் கை கூப்பி நிற்கிறார்கள். செல்வத்தின் வயதான தாயார் வேறு முன்னால் நிற்கிறார். ஏதாவது சொல்லியாக வேண்டும். எனக்கு வேகமாக, இழுத்து, தடையில்லாமல் சொல்ல வருவது என்ன? லேத்தில் செய்கிற வேலைகளின் பெயர்கள்தான். அதையே சொன்னேன்.

"ஓம் ஃபேசிங்காய நமஹ. டர்னிங்காய நமஹ. டிரில்லிங், போரிங், ரீமிங், டேப்பிங்காய நமஹ…"

யாரும் கண்ணைத் திறக்கவில்லை. முடிந்ததும் ஒரு ஆபரேட்டர் மட்டும், "மிஷினுக்குப் புரியற பாஷைல சொன்னாரு," என்று பக்கத்தில் இருந்தவரிடம் பாராட்டிச் சொன்னது காதில் விழுந்தது. பூசணிக்காயை ஓங்கிப் போட்டேன். பதிந்தவர்களை எல்லாம் முன்பே கீறி வைக்கச் சொல்லியிருந்தேன் அல்லவா, அது நான் தூக்கும்போதே பிளந்து, பாதி என் சட்டைக்குள் இறங்கிவிட்டது.

செல்வத்தின் ஷெட்டிலிருந்து என்னை அடுத்த ஷெட்டுக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அங்கிருந்து அதற்கடுத்த ஷெட். சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சரோஜாதான் என்று தெரியும். இரண்டு கையிலும் கற்பூரம். ஒவ்வொரு ஷெட்டிலும் சுவர்க் கடிகாரம் மட்டும் எனக்கு நேரே இருந்தது. ஊரில் உள்ள மெஷினுக்கெல்லாம் நான் தீபம் காட்டிக்கொண்டிருக்க, என் மெஷின் மாலையோடு காய்ந்துகொண்டிருந்தது. ராமண்ணா எழுந்திருப்பார், டிராயிங்கைச் சுருட்டுவார், காரில் ஏறுவார் என்று கண்ணை மூடினால் அதுவே தெரிந்தது. கண்ணை மூடி நின்றதைப் பார்த்து, என்ன பக்தி என்றார்கள்.

அவர்கள் என்னை விட்டது ராகு காலம் பிறந்த பிறகுதான். அதற்குப் பிறகு யாருக்கும் ஐயர் தேவைப்படவில்லை. பைக்கைத் தள்ளிக்கொண்டு (சாவி எங்கே விழுந்ததோ) என் ஷெட்டுக்கு வந்தேன். வாசலில் ராமண்ணாவின் கார் நின்றிருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

உள்ளே, ராமண்ணா சம்மணம் போட்டு உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புது மெஷின் மேல் டிராயிங் விரித்து வைத்திருந்தது. அதன் நாலு மூலையிலும் குங்குமம். வாசலில் நான் மிதித்து வழுக்கியது, ஒழுங்காக உடைக்கப்பட்ட பூசணிக்காய்.

"யாரு பூஜை போட்டது?" என்றேன்.

"யாரு போடுவா? நான்தான்," என்றாள் சரோஜா. "ஐயரும் வரல, ஐயரை அனுப்பறவரும் வரல. போன் அடிச்சா எடுக்கல. ராகு காலம் பொறக்கப் போகுதுன்னு சாரு எந்திரிச்சுட்டாரு. 'வீட்ல தெனம் வெளக்கேத்தறவ நான்தான், இந்த மிஷினும் எங்க வீட்டுதுதான், நான் காட்டுனா ஆகாதா?'ன்னு கேட்டேன்."

ராமண்ணா சுண்டலை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "அம்மாவ்ர கை சாக்கு, அம்மா கையே போதும். புரோகிதரு எதுக்கு?"

பிறகு என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். ஆரஞ்சு ஹெல்மெட், மாலை, நெற்றி நிறையக் குங்குமம், சட்டைக்குள்ளிருந்து சொட்டும் பூசணிக்காய், தோளில் ஒரு பொரி மூட்டை. "ஈ ஸ்வாமி யாரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை அப்போதுதான் திறந்தார். "எங்க மாமனாரு சார். ஆப்புல அமுக்குனோம், இப்பதான் டெலிவரி ஆகுது."

என் மகள் சிரித்த சிரிப்பில், மெஷின் மேல் இருந்த மாலை அசைந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம்.

ஆப்பை அந்த வாரமே மூடினோம். இப்போது யாராவது என்னிடம் வந்து, எல்லோரும் செய்து தோற்ற ஸ்டார்ட்அப் யோசனையில் இறங்கலாமா என்று கேட்டால் (கேட்கிறார்கள்; கேட்காவிட்டாலும் சொல்கிறேன்), இறங்காதே என்று நான் சொல்வதில்லை. தலை மழுங்கிப்போன போல்ட்டைப் பார்த்திருப்பீர்கள். நமக்கு முன்னால் பலர் ஸ்பேனர் போட்டு, வழுக்கி, வழுக்கி, மழுங்க வைத்த தலை அது. அந்த போல்ட்டைக் கழற்ற முடியாது என்று அர்த்தமில்லை. ஆனால் அதே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனால் நமக்கும் வழுக்கத்தான் செய்யும். முன்னால் போனவனுக்கு எங்கே வழுக்கியது என்று முதலில் விசாரிக்க வேண்டும். நான் யாரையும் விசாரிக்கவில்லை. எனக்கு வழுக்கின இடத்தை என் வீட்டுக்காரி ரசம் ஊற்றும்போதே சொல்லியிருந்தாள்: இருப்பது அதே ஐயர்கள்தான், அதே ஒரு மணி நேரம்தான். அமுக்குகிற விரல் பெருகினால் ஐயர் பெருகுவாரா?

முரளி கெட்டிக்காரர். வழுக்கின இடத்தைப் பார்த்துக்கொண்டு வேறு கருவி எடுத்தார். ஷெட்டுகளுக்குப் பொரி, பூசணி, மாவிலை, குங்குமம் எல்லாவற்றையும் ஒரே பெட்டியாகக் கட்டி, இரண்டு நாள் முன்னாலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறார். பூசணிக்காய் நல்ல நேரம் பார்த்து வர வேண்டியதில்லை அல்லவா? நன்றாக ஓடுகிறது. என்னைப் பார்த்தால் இப்போதும், "அண்ணாச்சி, எல்லாம் நீங்க போட்ட பாதைதான்," என்பார். குழியைத்தான் நாசூக்காகப் பாதை என்கிறார் என்று எனக்குத் தெரியும்.

ராமண்ணாவின் ஜாப்பில் அந்த மெஷின் இரண்டு ஷிப்டும் ஓடியது, இன்னும் ஓடுகிறது. ஒரே ஒரு மாற்றம். போன மாதம் அவர் இன்னொரு புது டிராயிங்கோடு வந்தார். இந்த ஷெட்டை உண்டாக்கியவன், விரலால் தடவியே அளவு சொல்கிறவன், நான் கையை நீட்டினேன். அவர் டிராயிங்கைப் பின்னால் மறைத்துக்கொண்டு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அம்மாவ்ரு எல்லி? அம்மா எங்க?"

வீட்டுக்கு அழைத்துப் போனேன். சரோஜா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, அவரிடமிருந்து டிராயிங்கை வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, நாலு மூலையிலும் குங்குமம் தொட்டு வைத்தாள். பிறகு அதை என்னிடம் நீட்டினாள்.

"கொண்டுபோயி வேலையப் பாருங்க, ஐயரே."